கத்தி போட்ட தோல் காசு

யுத்தம் நடந்தபோது சர்க்கார் காசு அடித்தது. நானும் அடித்தேன். சர்க்கார் செம்பிலும் நிக்கலிலும் அடித்தது. நான் தோலில் அடித்தேன். அதனால் சர்க்காருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு ஆயிற்று.

ராயப்பேட்டை மார்க்கெட் பக்கம் எனக்கு ஒரு சலூன் இருந்தது. சலூன் என்பது பெரிய பேச்சு. ஒரு நாற்காலி, ஒரு பெஞ்சு, ஒரு கண்ணாடி. கண்ணாடியின் மேல்பக்கம் ரசம் போய்விட்டது. உயரமானவர்களுக்கு நெற்றி தெரியாது. சவரம் ஒரணா. கிராப்பு மூணணா. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்தோம். கணக்கு தெரியாது என்று அன்றைக்கே வாத்தியார் சொன்னார். நான் நம்பவில்லை.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்தைவிட்டு ஓடினவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்த சமயம். ஜனங்கள் வந்தார்கள், சில்லறை போய்விட்டது. செம்பு விலை ஏறிவிட்டது, காசை உருக்கி விற்கிறார்கள் என்றார்கள். நோட்டை நம்பாமல் காசை முடிந்து வைக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். சில்லறை பதுக்கினால் ஜெயில் என்று சர்க்கார் உத்தரவு போட்டது. உத்தரவு வந்த பிறகு மிச்சமிருந்த சில்லறையும் போயிற்று. நடுவில் ஓட்டை போட்டு ஒரு காலணா விட்டார்கள். அதை வாங்கிப் போய் ஆணிக்கு வாஷராக மாட்டினார்கள். வாஷர் காலணாவைவிட விலை அதிகம்.

வெற்றிலைக் கடையில் மிச்சத்துக்கு வெற்றிலையே கொடுத்தார்கள். போடாதவர்களும் போட்டுப் பழகினார்கள். எனக்குக் கொடுக்க அப்படி ஒன்றும் கிடையாது. என் கடையில் மிச்சமாவது மயிர் ஒன்றுதான். ஒருவர் சவரம் செய்துகொண்டு ஒரு ரூபாய் நோட்டை நீட்டுவார். மீதி கொடுக்க வழியில்லை. "நாளைக்குத் தரேன் நைனா" என்று போய்விடுவார். யார் பாக்கி, எவ்வளவு பாக்கி என்பதை மனத்தில் வைக்க வேண்டும். ஒரு கன்னத்தைச் சிரைக்கும்போது அதை யோசித்தால் மறு கன்னம் வெட்டிப் போகும். சிலருக்குப் போயிற்று.

கத்தி தீட்டுகிற பழைய தோல் வார் ஒன்று கிடந்தது. அதைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டினேன். ஆணியைப் பழுக்கக் காய்ச்சி, ஒரணா என்று எழுதப் பார்த்தேன். சுழியெல்லாம் கருகி ஒரே பொட்டாகிவிட்டது. கத்தி வரைவது சுலபமாயிருந்தது. மடக்குக் கத்தி, பாதி திறந்தபடி. பார்க்க நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று அதையே வைத்துக்கொண்டேன். ஒரு துண்டு ஒரு சவரம். சவரம் ஒரணா. ஆகவே துண்டு ஒரணா. இவ்வளவுதான் நான் போட்ட கணக்கு.

இரண்டணா கொடுத்தவருக்கு ஒரு துண்டு கொடுத்தேன். ரூபாய் நோட்டு கொடுத்தவருக்குக் கை நிறையக் கொடுத்தேன். அவர்கள் அதை எடுத்துக்கொண்டு பக்கத்தில் டீக்கடைக்குப் போனார்கள். டீக்கடை என்றால் கடை இல்லை. சாக்கடை ஓரத்தில் நாலு மூங்கில் நட்டு, மேலே ஒரு கோணி. அதை நடத்தியவர் ஒரு பாய். மார்பு வரைக்கும் தாடி. அவர் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

"இன்னா நைனா இது?"

"ஒரணா, பாய்."

"ஒரணான்னு எங்க கீது? கத்தி இல்ல கீது."

"ஒரு சவரம். ஒரணாதானே."

"நான் தாடி வெச்சவன். எனக்கு எதுக்கு சவரம்?"

"உன்கிட்ட டீ குடிக்கிறவன் எல்லாம் தாடி வெச்சவனா? அவனுக்கு மிச்சத்துக்குக் குடு."

பாய் யோசித்தார். வெள்ளி ரூபாயைக் கடித்துப் பார்ப்பது போல தோலைக் கடித்துப் பார்த்தார். "உப்பு கரிக்குது" என்று சொல்லி மடியில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் கடையில் ஒரு தோலுக்கு இரண்டு டீ.

அதற்கப்புறம் அது தானாகப் போயிற்று. ஜட்காக்காரர் வாங்கினார். எதிரில் கறிகாய் விற்கிற அம்மாள் மட்டும் முதலில் சண்டை போட்டாள்.

"எனக்கு இன்னாய்யா, மீசையா கீது?"

"உன் வூட்டுக்காரருக்குக் கீதே."

"அது மூஞ்சிய யாரு பார்த்தது?"

ஆனால் வாங்கிக்கொண்டாள். அவள் புருஷன் அதுவரை மாதத்துக்கு ஒரு தடவை வந்தவர். பிறகு வாரம் இரண்டு தடவை வந்தார். வேண்டாம் என்றாலும் அனுப்புகிறாள் என்று நாற்காலியில் உட்கார்ந்து அழமாட்டாத குறையாகச் சொல்வார்.

என்னைத் தெருவில் பார்த்தால் ஜனங்கள் சலாம் போட ஆரம்பித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. நடக்கும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். வார் தீர்ந்துவிட்டது. செருப்புத் தைக்கிறவரிடம் போய்த் துண்டுத் தோல் வாங்கினேன். விலையாகத் தோல் காசையே கொடுத்தேன். அவரும் வாங்கிக்கொண்டார். தோலைக் கொடுத்துத் தோல் வாங்கி, அதில் கத்தி வரைந்து, அதைக் கொடுத்து இன்னும் தோல் வாங்கினேன். எவ்வளவு வெளியே போயிற்று என்று நான் எண்ணவே இல்லை. காசு அடிக்கிறவன் எண்ண வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

வீட்டில் மட்டும் மரியாதை இல்லை. ஒரு சாயங்காலம் மடியை அவிழ்த்து வீட்டுக்காரியிடம் கொடுத்தேன். எல்லாம் தோல்.

"இன்னாயா இது?"

"காசுதான்."

"இத்த உலையில போடட்டா? வெந்ததும் கூப்புடறேன், துன்றியா?"

ரேஷன் கடையில் தோல் செல்லாது. அது ஒன்றுதான் குறை என்று அவளிடம் சொன்னேன்.

மயிலாப்பூரிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் என்னிடம் வருவார். குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு வைத்தவர். அந்தப் பக்கத்தில் வெட்டிக்கொண்டால் ஆத்துக்குச் செய்தி முன்னால் போய்விடும் என்று ராயப்பேட்டைக்கு நடந்து வருவார். ஒரு நாள் வந்து உட்கார்ந்ததும் என் தோலை எடுத்துக் காட்டினார்.

"ஏம்ப்பா, குளத்தங்கரையில பூ வாங்கினேன். பூக்காரி மிச்சத்துக்கு இதைக் குடுக்கறா. என்னதுன்னு கேட்டா, ராயப்பேட்டைக் காசுங்கறா. நீ போட்டதா?"

"நாந்தான் சாமி."

"இதுல அணாவே இல்லையே."

"ஒரு கத்தின்னா ஒரு சவரம் சாமி. ஒரு சவரம் ஒரணா."

"நாளைக்கே சவரம் ரெண்டணா ஆச்சுன்னா?"

"சவரம் எப்பிடி சாமி ரெண்டணா ஆவும்?"

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "விலை சொல்றவன் நீ. என்னைக் கேக்கறியே."

"நான் ஏத்தமாட்டேன் சாமி."

"நீ ஏத்தமாட்டே. அரிசி சும்மா இருக்குமா?"

நான் அவர் தலையைப் பிடித்து முன்னால் சாய்த்தேன். முகவாய் மார்பில் இடித்தால் யாராலும் பேச முடியாது. என் தொழிலில் அது ஒரு வசதி. வேலை முடிந்ததும் கிராப்புக்கு நல்ல காசு மூணணா கொடுத்தார். தோலை மட்டும் கொடுக்கவில்லை. "இதை நான் வச்சுண்டிருக்கேன்" என்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். கத்தியின் அழகுக்காக வைத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

அரிசி சும்மா இருக்கவில்லை. எண்ணெயும் சோப்பும் கரியும்கூட இருக்கவில்லை. சீமையிலிருந்து கத்தி வருவது நின்றுபோயிற்று. கடைசியில் படிகாரக் கல்லே விலை ஏறியது. கன்னத்தில் தடவுகிற கல். அதற்கும் யுத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கடைக்காரரைக் கேட்டேன். "எல்லாம் ஏறும்போது அது மட்டும் கீழ நிக்கணுமா?" என்றார். அது எனக்கு நியாயமாகப் பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சவரத்தை இரண்டணா ஆக்கினேன்.

அன்றைக்கு முதலில் வந்தவர் தோல் கொடுத்தார். இரண்டாவது ஆளும் தோல். மத்தியானம் வரை ஒருத்தர்கூடக் காசு எடுக்கவில்லை.

"ரெண்டணா ஆச்சு, தெரியுமில்ல?" என்றேன் ஒருவரிடம்.

"தெரியும் நைனா. அதான் இத்த கொண்டாந்தேன். ஒரு கத்தி, ஒரு சவரம்."

"இன்னொரு தோலு குடு."

"எதுக்கு? இதுல கத்தி பாதியா கீது? முழுசாத்தானே கீது."

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். நான் சோப்பைக் குழைத்தேன். அப்புறம் விசாரித்ததில் தெரிந்தது, மார்க்கெட்டில் ஒரு தோல் இப்போது இரண்டணாவுக்குப் போகிறது. கறிகாய் அம்மாள் அதை வெளியே விடுவதே இல்லை, பானையில் போட்டு வைக்கிறாள். சர்க்கார் நோட்டு இளைத்துக்கொண்டே போனது. என் தோல் ஏறியது. வீட்டுக்குப் போகும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கையில்தான் ஒன்றும் இல்லை.

அந்த வாரமே கடையின் சொந்தக்காரர் வந்தார். தியாகராய நகரில் துணிக்கடை வைத்திருந்தவர். வாடகையை இஷ்டத்துக்கு ஏற்றக் கூடாது என்று சர்க்கார் கட்டுப்பாடு உண்டு என்று சொல்லிக்கொண்டார்கள். அவர் கட்டுப்பாட்டை மீறவில்லை.

"வாடகை ஏத்தல. என் மச்சானுக்குக் கடை வேணும். ஒண்ணாந் தேதி காலி பண்ணு."

"நான் எங்க போவேன்?"

"ஒன்றரை மடங்கு குடுத்தியானா, மச்சானுக்கு வேண்டாம்னு சொல்லிப் பார்க்கறேன். ரொக்கமா. இந்தத் தோலெல்லாம் என்கிட்ட காட்டாதே."

எனக்கு அந்தக் கடையைவிட்டால் வேறு கிடையாது. அது போனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக மரத்தடி தேட வேண்டும். அந்த வேலையைச் செய்துவிட்டுத்தான் நாற்காலி வாங்கினேன். திரும்பவும் குத்துக்காலிட்டு உட்காரப் பயந்தேன். ஒன்றாம் தேதிக்குள் ரொக்கம் சேர்க்க வேண்டும். வருகிறவர்கள் எல்லாம் தோல் கொடுக்கிறார்கள். தோல் தீரும் வரைக்கும் ரொக்கம் வராது. தோல் எப்போது தீரும் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துவைக்க வேண்டிய ஒரே ஆள் நான்தான்.

திங்கட்கிழமை போலீஸ்காரர் ஒருவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பெஞ்சு நிறைய ஆள் இருந்தது.

"இன்னாடா, காசு அடிக்கிறியாமே."

"தோலு சார்."

"ராசா தலை இல்லாம காசு உட்டா உள்ளாற போட்ருவாங்க, தெரியுமா?"

"ராசா தலை போட்டா உட்ருவீங்களா சார்?"

"அது இன்னும் பெரிய கேசு. புதன்கிழமை இன்ஸ்பெக்டர் வராரு. அதுக்குள்ள ஊர்ல கீற தோலை எல்லாம் வாங்கிக் கொளுத்திடு."

சவரம் முடிந்தது. அவர் எழுந்து சட்டைப் பையிலிருந்து ஒரு தோலை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

பெஞ்சு காலியாகிவிட்டது. எல்லோரும் செய்தி சொல்ல ஓடினார்கள். புதன்கிழமைக்கு மேல் தோல் செல்லாது என்று சாயங்காலத்துக்குள் மந்தைவெளி வரைக்கும் போய்விட்டது.

மறுநாள் செவ்வாய். செவ்வாய்க்கிழமை யாரும் தலையில் கத்தி வைக்கமாட்டார்கள். நான் அன்றைக்குக் கடையை மத்தியானத்துக்கு மேல்தான் திறப்பேன். அந்தச் செவ்வாய் விடிவதற்குள் வீட்டுக்கே வந்து கூப்பிட்டார்கள். கடை வாசலில் ஜட்கா போக வழியில்லாமல் கூட்டம். தோலுக்குச் சவரம் செய்ய முடியாது என்று சொல்லியிருக்கலாம். எல்லாம் அண்டை அயல். சொன்னால் மட்டும் போய்விடப் போகிறார்களா.

மத்தியானத்துக்குள் ராயப்பேட்டையில் தாடி தீர்ந்துவிட்டது. தோல் தீரவில்லை. கறிகாய் அம்மாளின் புருஷன் பானையோடு வந்தார். முதல் நாள்தான் சவரம் செய்திருந்தேன். கன்னம் வழவழவென்று இருந்தது.

"எங்கய்யா செரைக்கிறது?" என்றேன்.

அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். பின்னாலிருந்து அந்த அம்மாளே சத்தம் போட்டாள். "தலையில செரை. கத்தி போட்டு வெச்சே. எங்க வெக்கிறதுன்னு போட்டு வெச்சியா?"

அது போதும். ஜனங்களுக்கு வழி தெரிந்துவிட்டது. மொட்டைக்கு எத்தனை தோல் என்று ஒரு சண்டை நடந்தது. இரண்டு என்று தீர்ந்தது. அப்புறம் வரிசையாக மொட்டை. வேண்டுதல் உள்ளவர்கள் உண்டு, வெயிலுக்கு நல்லது என்றவர்கள் உண்டு. தோலை வீணாக்கக் கூடாது என்று அடித்துக்கொண்டவர்கள்தான் அதிகம். மயிலாப்பூர் வாத்தியார்கூட வந்தார். அவர் மொட்டை கேட்கவில்லை. வைத்திருந்த தோலைக் கொடுத்துக் காதோரம் மட்டும் எடுக்கச் சொன்னார். ஒன்றும் பேசவில்லை. பேசாமலிருந்தது அவர் செய்த பெரிய உபகாரம். நான் தலையைச் சாய்க்க வேண்டியிருக்கவில்லை. சாய்க்கக் கையும் வராது. தோள்பட்டை மரத்துவிட்டது. பக்கத்துச் சந்திலிருந்து தொழில் தெரிந்த ஒருத்தரை உதவிக்குக் கூப்பிட்டேன். கூலி எதில் தருவாய் என்று கேட்டார். நான் தோலைக் காட்டினேன். அவர் போய்விட்டார்.

புதன்கிழமை இன்ஸ்பெக்டர் வரவில்லை. அப்புறமும் வரவில்லை.

தோலை எல்லாம் ஒரு மூலையில் குவித்தேன். கடன் தீர்ந்தது, இனி வருகிறவர்கள் ரொக்கம் கொடுப்பார்கள் என்று நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஒருவரும் வரவில்லை. வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். ஜட்காக்காரர் மொட்டை. வெற்றிலைக் கடைக்காரர் மொட்டை. இறைச்சிக் கடை வரிசை முழுக்க மொட்டை. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் திருப்பதிக்குப் போய்வந்த கூட்டம் என்று நினைத்து ஜட்காக்காரரிடம் லட்டு கேட்டாராம். இவர்களுக்குத் தாடி முளைக்க ஒரு வாரம் ஆகும், மயிர் வளர்ந்து கிராப்புக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகும். ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஒரு வாரம் கூட இல்லை. ஊரிலிருந்த என் வியாபாரத்தை எல்லாம் ஒரே நாளில் நானே வழித்துக் கீழே தள்ளியிருந்தேன்.

"இன்னாயா, சீக்கிரம் வந்துட்டே?" என்று கேட்டாள் வீட்டுக்காரி.

"வேலை இல்ல."

"நேத்து அவ்வளவு கூட்டமாமே."

"அதான் வேலை இல்ல."

மறுநாள் காலை பாய் வந்தார். செவ்வாய்க்கிழமை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதை நான் அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். தோளில் ஒரு சர்க்கரைப் பை. நாற்காலியில் அவிழ்த்துக் கொட்டினார். நாற்காலி கொள்ளாமல் தரையில் விழுந்தது. எல்லாம் கத்தி போட்ட தோல். நல்ல வேலைப்பாடு என்று அப்போதும் நினைத்தேன்.

"இன்னா பாய் இது. உனக்கா சவரம்?"

"எனக்கு எதுக்கு. நோட்டு வெச்சிக்கினா இளைக்குது, உன் தோலு வெச்சிக்கினா கொழுக்குது. பார்த்தேன், சேத்தேன்."

"புதன்கிழமையோட செல்லாதுன்னு சொன்னாங்களே."

"யாரு சொன்னா? நீ சொன்னியா?"

நான் சொல்லவில்லை. அதுவும் உண்மை.

"ஒவ்வொரு ஆளா அனுப்பட்டா?" என்றார். "வேப்பேரியில எனக்கு உறவுக்காரங்க கீறாங்க. அங்க இன்னும் முடி கீது."

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவையும் சிரைத்துக் கொடுத்தால் கடை இரண்டு தடவை போகும். பாயும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கடை சொந்தக்காரன் வந்து போனதெல்லாம் தெரியும் நைனா. மழை வருது. கோணிக்குக் கீழ இந்த வருஷம் நிக்க முடியாது. கார்ப்பரேஷன்காரன் வேற தெனம் வரான். எனக்குக் கூரை வோணும். உனக்கு ரொக்கம் வோணும். பாதிக் கடை குடு. பாதி வாடகை நான் தரேன், காசா. இந்தத் தோலை எல்லாம் அடுப்புல போட்டுடறேன்."

"எந்தப் பாதி?"

"முன்பாதி."

"அதான் வெளிச்சம் கீற பாதி. நீ பின்னாடி போயேன்."

"டீ பின்னாடி கீதுன்னா எவன் உள்ளாற வருவான்? சவரம் பின்னாடி இருந்தாலும் வந்துதானே ஆவணும். மயிரு வளராம இருக்குமா?"

வாடகையில் என் பாதிக்கு என்ன செய்வது என்று கேட்டேன். கண்ணாடியை விற்கச் சொன்னார். பின்பக்க இருட்டில் கண்ணாடி எதற்கு என்றார். விற்றேன். ரசம் போன கண்ணாடிக்கு அந்த விலை கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. எல்லாம் ஏறியிருந்த சமயம், அதுவும் ஏறியிருந்தது.

தோலை எரித்த அன்று நாற்றம் தாங்காமல் பாய்க்கு வியாபாரம் ஆகவில்லை. ஒரு துண்டைக்கூட விடாமல் எரித்தார். அடுப்புப் பக்கத்திலேயே நின்று நான் பார்த்தேன்.

ஒன்றாம் தேதி சொந்தக்காரர் வந்தார். ரொக்கத்தை எண்ணி வாங்கிக்கொண்டார். முன்னால் அடுப்பு, கொதிக்கிற பால், பெஞ்சில் டீ குடிக்கிறவர்கள். உள்ளே எட்டிப் பார்த்தார். புகையில் என்னைத் தெரியவில்லை போலிருக்கிறது. மச்சானைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

சாயங்காலம் வீட்டுக்காரி வந்தாள். ரேஷன் பையோடு வாசலில் நின்று பாயைக் கேட்டாள்.

"கடை எங்க பாய்?"

"உள்ளாற கீது போம்மா."

அவள் வந்தாள். சுவரில் மாட்டின ஒரு விளக்கு. நாற்காலி மட்டும் போட இடம். ஒரு மொட்டைக்காரர் சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். அவள் நாலு பக்கமும் பார்த்தாள். கண்ணாடி இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"கடை கீது" என்றாள்.

"கீது" என்றேன்.

முன்னால் போய் நின்றபடியே ஒரு டீ குடித்தாள். பாய் காசு கேட்டார். நான் வெளியே வந்து கொடுத்தேன்.